ஞாயிற்றுக்கிழமைத் துணிப்பை

உடம்பில் பட்ட துணி மறுநாள் விடியும்போது தண்ணீரில் கிடக்க வேண்டும். இதுதான் லூசியம்மாள் வீட்டுச் சட்டம். கல்யாண வீட்டுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்த சேலையானாலும் சரி, பெயருக்குத் தோளில் போட்ட துண்டானாலும் சரி, "இன்னொரு நாளைக்குப் போட்டுக்கிடலாம்" என்கிற பேச்சே அங்கே எடுபடாது. தாராவியில் அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அதைச் சுத்தம் என்பார்கள், மீதிப் பேர் கிறுக்கு என்பார்கள். இரண்டுமில்லை. அதற்குக் காரணம் தனசீலன்.

தனசீலன் அவளைக் கட்டினவன். நாங்குநேரிப் பக்கம். அவன் தகப்பன், தகப்பனுடைய தம்பி, பெரியம்மை மகன் ஒருத்தன், அத்தான் முறையில் ஒருத்தன் என்று வரிசையாக ரயிலேறி வந்து தோல் கம்பெனியில் நின்றவர்கள். தொட்டியில் இறங்கி, ஊறின தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. அந்த நாற்றம் சோப்புக்கும் அடங்காது, சொல்லுக்கும் அடங்காது. அப்போது வீடென்றால் ஒற்றை அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் மோரி. மோரி என்றால் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முழக் குழி. தனசீலன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அந்த வாடை பக்கத்து ஆணியில் தொங்குகிற பாவாடைக்கு ஏறும், பாயில் கிடக்கிற போர்வைக்கு ஏறும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்கும் ஏறும்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஜாபெஸ் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே கேட்டான். "யம்மா, நான் நாறுதேனா?"

வகுப்பில் அவனை "சம்டா, சம்டா" என்று கூப்பிட்டார்களாம். இந்தியில் தோல் என்று அர்த்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டானாம். லூசியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். வீட்டில் இருந்த துணி அத்தனையையும் வாரி டப்பில் போட்டாள். பெட்டிக்குள் மடித்திருந்ததைக்கூட விடவில்லை. அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். கொடும் மழையில், துணி காயாத ஆவணியில், ஆபரேஷன் செய்து வயிற்றில் போட்ட தையல் ஆறாத நாளில்கூட அவள் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பிழிந்து போட்டாள். ஞாயிறு மட்டும் கிடையாது. வேதக்காரி, கர்த்தருடைய ஓய்வுநாளில் அவள் ஈரத்துணியைத் தொடமாட்டாள். அன்றைய மீன்குழம்பைக்கூடச் சனிக்கிழமையே வைத்துவிடுவாள்.

பிற்பாடு தோல் கம்பெனி மூடிப்போனது. பழைய அறைகளை இடித்துக் கட்டடம் எழும்பியது. நாலாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது, குழாயும் வீட்டுக்குள்ளேயே வந்தது. தனசீலன் அந்தக் குழாயைக் கொஞ்ச காலம்தான் திறந்து மூடினான். நெஞ்சுச் சளி அவனைக் கொண்டுபோய்விட்டது. நாற்றம் போயிற்று, நாற்றத்துக்கு உரியவனும் போனான். சட்டம் மட்டும் வீட்டில் நின்றுகொண்டது.

அந்த வீட்டுக்குத்தான் ஜாபெஸைக் கட்டிக்கொண்டு சுனிதா மருமகளாக வந்தாள். அம்பர்நாத்துப் பெண். தகப்பன் மருந்துக் கம்பெனியில் தொழிலாளி. அவர்கள் தெருவில் தண்ணீர் ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. அதனால் அவள் தாய் துணியைக் கையில் எடுத்து, கழுத்தைப் பார்த்து, மோந்து பார்த்து, "இது நாளைக்கும் ஆகும்" என்று ஒதுக்கி வைக்கிறவள். சுனிதா அப்படியே வளர்ந்தவள். வாஷியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் போட்டுப்போன குர்த்தாவைச் சாயங்காலம் கதவுக்குப் பின்னால் மாட்டுவாள், மறுநாளும் போடலாம் என்று. மறுநாள் பார்த்தால் அது கம்பியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும்.

"அத்தை, ஒரு வாட்டி போட்டதும் கந்தா ஆயிடுமா?" என்பாள் சிரித்துக்கொண்டே. அழுக்கு என்பதற்கு அவள் வாயில் வருவது அந்த இந்திச் சொல்தான்.

"ரயில்ல போயிட்டு வந்த துணியில்லா. நீ ஏன் அலட்டிக்கிடுத? நான்தான துவைக்கேன்."

"துவைச்சுத் துவைச்சு நிறமே போயிடுது அத்தை."

"நிறம் போனா போகட்டும். அழுக்கு போவணும்லா."

கொஞ்ச நாள் இது விளையாட்டாக இருந்தது. அப்புறம் சிரிப்பு குறைந்தது. சுனிதா குர்த்தாவைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்க, லூசியம்மாள் தலையணையை வெயிலில் போட எடுக்க, இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு அரக்கு நிறக் குர்த்தாவில் வந்து நின்றது. சின்னச் சின்னக் கண்ணாடி வைத்துத் தைத்தது, சுனிதாவின் தாய் வாங்கிக் கொடுத்தது. லூசியம்மாள் அதை மற்றதோடு ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கண்ணாடிகள் மோரியில் மீன்செதில் மாதிரி மினுமினுத்துக்கொண்டு கிடந்தன.

சுனிதா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சண்டையாகப் போயிருக்கும், சண்டையென்றால் ஒரு நாள் தீரும். அவள் ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "இந்த வீட்டுல இப்ப யாரும் தோல் கம்பெனிக்குப் போகலியே அத்தை."

ஜாபெஸ் குனிந்த தலை நிமிரவில்லை. அவன்தான் அவளிடம் பழைய கதையைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் சொல்வார்?

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஜாபெஸும் சுனிதாவும் வாஷிக்குப் பக்கம் கோபர்கைரனேயில் வாடகைக்கு வீடு பார்த்துப் போனார்கள். "ஆபீஸ் கிட்டக்க இருக்குல்லா" என்று லூசியம்மாள் எல்லாரிடமும் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். அந்த வீட்டை அவள் போய்ப் பார்க்கவில்லை. கூப்பிட்டார்கள். போகவில்லை.

ஒற்றை ஆளுக்கு என்ன துணி இருக்கும்? ஒரு நைட்டி, ஒரு சேலை, ஒரு துண்டு. பெரிய டப்பில் போட்டால் மூலைக்கு ஒன்றாக மிதக்கும். எதிர்க் கட்டடத்துக் கம்பிகளைப் பார்த்தால் எந்த வீட்டில் எத்தனை உருப்படி என்று தெரியும். குழந்தைச் சட்டை, கிழவர் வேட்டி, வேலைக்குப் போகிறவன் பேண்ட். லூசியம்மாள் கம்பியில் ஒரு நைட்டி தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. திரைச்சீலையைத் துவைத்தாள், கால்மிதியைத் துவைத்தாள், யாரும் படுக்காத தலையணையின் உறையைத் துவைத்தாள்.

எதிர்வீட்டு ஷமீமா வாசலில் நின்று பார்த்தாள். மேலப்பாளையத்துக்காரி, பழைய குழாயடியில் இருந்தே சிநேகம். மகன்மார், மருமகள்மார், பேரப்பிள்ளைகள் என்று அவள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. "யக்கா, சுவரு ஒண்ணுதான் பாக்கி. அதையும் உரிச்சு ஊறப்போடு" என்றாள்.

"ஒங்க வீட்டுல இருக்கதக் கொண்டா. அதையும் துவைக்கேன்."

"வேண்டாந்தாயி. எங்க வீட்டு அழுக்கைப் பாத்தா நீ மயக்கம் போட்டு விழுந்துருவ."

அந்த வெறுமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாபெஸ் ஒரு துணிப்பையோடு வந்தான். சட்டை, பேண்ட், பனியன். "யம்மா, அங்க தண்ணி சரியா வரல. இதக் கொஞ்சம் பாத்துக்கிடுதியா?" என்றான். லூசியம்மாளுக்குச் சந்தோஷம் முகத்தில் கொள்ளவில்லை. ஞாயிறென்பதால் பையைத் திறக்காமல் மூலையில் வைத்தாள். திங்கள் விடியலில் திறந்தாள். காலரில் ரயில் கூட்டத்து அழுக்கு, கரியால் கோடு கிழித்த மாதிரி. முதல் தண்ணீர் டீ மாதிரி வந்தது. அவள் அதைக் கொட்ட மனமில்லாமல் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் அதுவே வழக்கமானது. ஞாயிறு வருவான், பை வரும், போன வாரத்துப் பை போகும். அவன் சாப்பிடுகிற நேரத்தில் இவள் ஆயிரம் கேள்வி கேட்பாள். இந்தச் சட்டையில் பொத்தான் எப்படிப் போச்சு, அந்தப் பேண்டில் என்ன கறை, ஆபீசில் உட்கார்ந்து வேலையா நின்று வேலையா, மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய். துணியைக் கேட்டுக் கேட்டு மகனைத் தெரிந்துகொண்டாள். ஷமீமாவிடம் பெருமையும் அடித்தாள். "அங்கனெ ஆயிரம் வசதி இருந்து என்ன? கழுத்து அழுக்கு எங்கையிலதான் போவுது." சட்டைகளைத் தெரு பார்க்கத் தொங்கவிடுவாள், கையை நன்றாக விரித்து.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தாள். அந்தப் பையில் மருமகளின் துணி ஒன்றுகூட வந்ததில்லை. ஒரு கைக்குட்டைகூட.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, மழை ஓய்ந்து வெயில் மறுபடி கடுக்கத் தொடங்கிய சமயம். ஒரு திங்கட்கிழமை அவள் வழக்கம்போல் ஊறவைத்து, தேய்த்து, முதல் தண்ணீரைச் சாய்த்தாள். தண்ணீர் வெள்ளையாகப் போயிற்று. சோப்பு நுரை மட்டும். டப்பின் அடியில் விரலை விட்டுத் துழாவினாள். மண்ணில்லை, கரியில்லை. வெள்ளைப் பனியனை எடுத்துத் தனியாகப் பிழிந்து பார்த்தாள். குடிக்கலாம் போல வந்தது.

போன வாரமும் இப்படித்தானோ? அதற்கு முந்தின வாரம்? சட்டைகளில் அந்தப் பூ வாசனை இருந்ததே. செண்டு போட்டிருப்பான் என்று நினைத்தாளே. மடிப்புக்கூடக் கலையாமல் வந்ததே. தெரிந்துகொள்ள எல்லாம் இருந்தது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று கை தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

துவைத்த துணியைத் துவைக்கக் கொடுத்திருக்கிறான். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுத்த மாதிரி.

ஷமீமாவிடம்தான் சொன்னாள். ஷமீமா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்னாங்குற?"

"என்னைய ஏமாத்திட்டானே, ஷமீமா."

"யக்கா, ஒனக்கு அழுக்கு வேணுமா, புள்ள வேணுமா?"

லூசியம்மாள் ஒரு பூண்டை எடுத்துத் தானும் உரிக்கத் தொடங்கினாள்.

"புள்ளதான வேணும்? அப்ப வாயை மூடிக்கிட்டுத் துவை. எம்மவன் இதே வீட்டுல இருக்கான். ‘உம்மா’ன்னு ஒரு வார்த்தை பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அவன் துவைச்சதக் கொண்டாந்தா நான் பட்டுத்துணியில சுத்தி வைப்பேன்."

சரியான பேச்சுத்தான். லூசியம்மாளும் வாயை மூடிக்கொள்வது என்றுதான் முடிவு செய்தாள். பை நின்றால் அவன் வரவும் நிற்கும். வரவு நின்றால் அந்தக் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? தனசீலன் வழியில் மான்குர்த்தில் ஒரு கொழுந்தன் மகள் இருக்கிறாள். அவளும் கல்யாணம், சாவு என்றால்தான் வருவாள்.

ஞாயிறு வந்தது. ஜாபெஸும் பையோடு வந்தான். சாப்பிட்டான். வியர்வையாக இருக்கிறது என்று போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காற்றாடிக்கு நேரே தரையில் படுத்தான், உறங்கியும்போனான். லூசியம்மாள் ஆணியைப் பார்த்தாள். காலரில் அந்தக் கரிக்கோடு. உண்மையான கோடு.

அவளுக்கே தெரியாது எப்படி எழுந்தாள் என்று. சட்டையை எடுத்துக்கொண்டு மோரிக்குப் போனாள்.

தண்ணீர்ச் சத்தத்தில் ஜாபெஸ் விழித்துக்கொண்டான். "யம்மா? என்ன செய்யுத? இன்னைக்கு ஞாயித்துக்கிழமையில்லா!"

"ஆமா."

"நான் என்னத்தப் போட்டுட்டுப் போவேன்?"

"பையில சட்ட இருக்குல்லா. எடுத்துப் போடு."

"அது அழுக்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

பிரஷ் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "அழுக்கு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்யா" என்றாள் அவள், திரும்பாமல்.

பையின் ஜிப்பு திறக்கிற சத்தம் கேட்டது. மேலாக இருந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான். இஸ்திரி மடிப்பு முதுகில் நெட்டுக்குத்தாக நின்றது.

"சுனிதாதாம்மா சொன்னா" என்றான். "முதல்ல நெசமாவே அழுக்குத் துணிதான் கொண்டாந்தேன். பொறவு மிஷின் வாங்கிட்டோம். நான் துணியில்லாமப் பொறப்பட்டேன். அவதான், ‘வெறுங்கையோட போனா நீயும் அம்மாவும் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. துணி இருந்தா அவங்க கேப்பாங்க, நீ பதில் சொல்லுவே’ன்னு எடுத்து வச்சா."

லூசியம்மாளின் கை நின்றது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. இரக்கப்பட்டது மகன் என்று நினைத்திருந்தாள். மருமகள் இந்த வீட்டுக்குள்ளே இவ்வளவு தூரம் பார்த்திருக்கிறாள்.

"அப்ப அவ துணி ஏன் ஒண்ணுகூட வரல?"

ஜாபெஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "அவ குடுக்க மாட்டாம்மா."

அந்த இடத்தில் சொல்ல எவ்வளவோ இருந்தது. கண்ணாடியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ‘இனி சும்மா வாய்யா, வெறுங்கையோட வா’ என்று சொல்லியிருக்கலாம். மனதில் இருந்தது அதுதான். வாயில் வந்தது வேறு. "இனிமே துவைச்சதத் தூக்கிட்டு வராத. சோப்புக்குக் கேடு."

ஜாபெஸ் தலையாட்டினான். கொண்டுவந்த பையையும் போன வாரத்துப் பையையும் எடுத்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் லூசியம்மாள் கம்பியில் ஒரு சட்டை சொட்டுவதைப் பார்த்து எதிர்வீட்டு ஷமீமா வாயில் கை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு லூசியம்மாள் கோவிலுக்குப் போய்விட்டு வேகமாக வந்தாள். சனிக்கிழமையே அயிலை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். மாங்காய் போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி. போன வாரச் சட்டை காய்ந்து மடித்துத் தயாராக இருந்தது. நேரம் போயிற்று. படியில் கேட்ட காலடியெல்லாம் வேறு வேறு வீட்டுக்குப் போயிற்று. பிறகு போன் வந்தது.

"யம்மா, இன்னைக்கு மெகா பிளாக். ரயில் இல்ல."

"சரிய்யா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றாள், மூடிவைத்த சட்டியைப் பார்த்துக்கொண்டு. தண்டவாள வேலையென்று ரயிலை நிறுத்தின ஞாயிறுகள் முன்னேயும் வந்திருக்கின்றன. அப்போதெல்லாம் அவன் பஸ் மாறி மாறி வந்திருக்கிறான், பையோடு.

திங்கட்கிழமை தண்ணீர் வந்தது. அவள் எழுந்து குழாயைத் திறந்தாள், மூடினாள். உடம்பில் கிடந்த நைட்டியைப் பார்த்தாள். நேற்றுப் போட்டது. கழற்றித் துவைத்து இன்னொன்றைப் போடலாம். யார் பார்க்க? யார் மூக்குக்கு எட்டப்போகிறது? அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நினைவு தெரிந்து முந்தின நாள் உடுத்தினதையே அவள் மறுநாளும் உடுத்தியிருந்தது அன்றைக்குத்தான். செவ்வாயும் அதேதான்.

புதன்கிழமை ஷமீமா கதவைத் தட்டினாள். கையில் கஞ்சி. "கம்பில துணியையே காணோமே, மேலுக்குச் சொகமில்லையோன்னு வந்தேன்."

"நல்லாத்தான் இருக்கேன்."

ஷமீமா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா இருக்க மூஞ்சியா இது? கஞ்சியக் குடி. குடிச்சிட்டு அந்த நைட்டியக் கழத்து. இல்லைன்னா நான் உன்னையும் சேத்து டப்புல போட்டுருவேன்." லூசியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறொன்றும் வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் நைட்டியைத் துவைத்தாள். மற்றதையும் ஒவ்வொன்றாக. ஆனால் பழைய வேகம் கையில் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவள் அயிலை வாங்கவில்லை. வாங்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முட்டை வைத்திருந்தாள். முட்டை யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்கும்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ஜாபெஸ்தான். கையில் பை. எப்போதும் வருகிற பெரிய பையில்லை, காய்கறி வாங்குகிற சின்னத் துணிப்பை. உள்ளே வந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"சொன்னேன்லா..." என்று ஆரம்பித்தாள் லூசியம்மாள்.

"இது என் துணி இல்லம்மா." அவன் பையை மூலையில், வழக்கமான இடத்தில் வைத்தான். "அவ குடுத்தா. ‘அத்தைகிட்ட குடு. துவைக்காததுதான்னு சொல்லு’ன்னா."

"அவ வரலியா?"

"வரல."

வருவாளா என்று அவள் கேட்கவில்லை. வருவாள் என்று அவனும் சொல்லவில்லை. இருவரும் முட்டைக் குழம்பு சாப்பிட்டார்கள். கேட்க அன்றைக்குச் சட்டையில்லை, பொத்தானில்லை. அதனால் பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. வீட்டு வாடகையைக் கூட்டுவார்களாம், மாறவேண்டியிருக்குமாம், இன்னும் எங்கே என்று தெரியாதாம். போகும்போது போன தடவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், சின்னப்பிள்ளை மாதிரி ஒரு தரம் மோந்துவிட்டு, படியிறங்கிப் போனான்.

பை மூலையிலேயே இருந்தது. ஓய்வுநாள். ஒரு தடவை மீறியாயிற்று, இன்னொரு தடவை மீற மாட்டாள். விளக்கை அணைத்த பிறகும் அது அங்கே யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

திங்கள் விடியலில் திறந்தாள். இரண்டு துப்பட்டா, ஒரு வெள்ளைக் கோட்டு, அடியில் அந்த அரக்குக் குர்த்தா. நிறம் போய், கண்ணாடி போன இடமெல்லாம் நூல் வட்டமாகத் துருத்திக்கொண்டு. இன்னும் இதைப் போடுகிறாளா? கழுத்தைப் புரட்டிப் பார்த்தாள். வியர்வை படிந்து உப்புக் கோடு. கக்கத்தில் மஞ்சள். ஒரு நாள் போட்டதில்லை, இரண்டு மூன்று நாளாவது போட்டிருப்பாள். முன்பானால் லூசியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியிருக்கும். இப்போது அந்தக் கழுத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். தாயைத் தவிர வேறு யாரிடம் ஒரு பெண் இதைக் கொடுப்பாள்?

பிரஷ்ஷை எடுத்தாள், பிறகு மேலே வைத்துவிட்டாள். குர்த்தாவை உள்பக்கமாகத் திருப்பி, மிச்சமிருந்த கண்ணாடிகளைக் கையால் மூடிக்கொண்டு, சோப்பை உள்ளங்கையில் குழைத்து மெதுவாகத் தேய்த்தாள். வீட்டில் வேறு சத்தம் இல்லை. தண்ணீரைச் சாய்த்தாள்.

கலங்கலாகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.